லண்டன் சமூகவியல் சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகவியல் படிக்கிறேன் என்றதும் "ஓ, சோஷியல் ஒர்க்கா?" என்று கேட்கிற சித்தப்பா ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் லண்டனிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். அந்தச் சொல்லுக்கு ஒரு பொருளும், பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் நாற்காலியும் பிடித்துக் கொடுக்கலாம் என்று சிலர் கூடிச் சங்கம் வைத்தார்கள். கல்யாண வீடு மாதிரி எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பியும் போனார்கள். அந்தச் சங்கத்தைப் பற்றி மாணவர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எந்தச் சங்கம் இது?

1903ல் லண்டனில் தொடங்கிய 'சோஷியலாஜிக்கல் சொசைட்டி'. பெயரில் லண்டனும் இல்லை, பிரிட்டனும் இல்லை. வெறும் 'சமூகவியல் சங்கம்'. முதல் தலைவர் ஜேம்ஸ் பிரைஸ். அமெரிக்க அரசியல் அமைப்பைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய லிபரல் அரசியல்வாதி, பின்னாளில் அமெரிக்காவுக்கான பிரிட்டிஷ் தூதர். அழைப்பிதழில் போட நல்ல கனமான பெயர். வேலையெல்லாம் செய்தது செயலாளர் விக்டர் பிரான்ஃபோர்ட்.

உலகிலேயே முதல் சமூகவியல் சங்கம் இதுதானா?

இல்லை. ரெனே வோர்ம்ஸ் பாரிஸில் அனைத்துலக சமூகவியல் நிறுவனத்தை 1893லேயே தொடங்கிவிட்டார். அமெரிக்கச் சங்கம் 1905 டிசம்பரில் பால்டிமோரில் பிறந்தது. ஜெர்மானியர்கள் 1909ல் வைத்தார்கள். அதில் டோனீஸ், சிம்மல், மாக்ஸ் வெபர் என்று ஜெர்மன் சமூகவியலின் பெரிய தலைகள் எல்லாரும் இருந்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் முதலில் துறை வந்தது, அப்புறம் பத்திரிகை, அதற்கப்புறம்தான் சங்கம். சிகாகோவில் 1892ல் துறை, 1895ல் பத்திரிகை, 1905ல் சங்கம். பிரிட்டனில் தலைகீழ். சங்கம் தொடங்கிய அன்று அந்த நாடு முழுவதிலும் சமூகவியலுக்கென்று ஒரு பேராசிரியர் பதவிகூட இல்லை. தேர் செய்வதற்கு முன்பே வடம் பிடிக்க ஆள் கூட்டிய கதை.

ஏன் குறிப்பாக 1903?

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் யுத்தம் 1902ல்தான் முடிந்திருந்தது. பட்டாளத்தில் சேர வந்த நகரத்து இளைஞர்களில் ஏராளமானோர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். சாம்ராஜ்யத்தின் தலைநகரத்திலேயே பிள்ளைகள் நோஞ்சானாக வளர்கிறார்களா என்று மேல்தட்டுக்குக் கிலி பிடித்தது. அரசாங்கம் இதற்காக ஒரு விசாரணைக் குழுவே போட்டது. இன்னொரு பக்கம், சார்லஸ் பூத் என்ற கப்பல் வியாபாரி லண்டன் வறுமையைத் தெருத்தெருவாக அளந்து 17 தொகுதிகளாக வெளியிட்டு முடித்திருந்தார். யார்க் நகரத்து வறுமையைப் பற்றி ரவுண்ட்ரீ 1901ல் எழுதிவிட்டார். தகவல் மலையாகக் குவிந்து கிடந்தது. அதைச் சேர்த்துப் பார்த்து 'சமூகம் இப்படித்தான் இயங்குகிறது' என்று சொல்ல ஓர் அறிவியல் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

ஹெர்பர்ட் ஸ்பென்சர் காலமானதும் அதே 1903 டிசம்பரில். ஆங்கிலத்தில் சமூகவியல் என்றால் அவர் ஒருவர்தான் என்றிருந்த காலம் அத்தோடு முடிந்தது.

பிரான்ஃபோர்ட் யார்? எந்தப் பல்கலைக்கழகம்?

எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. எடின்பரோவில் படித்தவர், தொழில் கணக்கும் நிதியும். பராகுவே ரயில்வே, கியூபா டெலிபோன் என்று தென்னமெரிக்கப் பக்கத்துக் கம்பெனிகளின் நிதி விவகாரங்களைப் பார்த்தவர். படிக்கும் காலத்தில் பாட்ரிக் கெடிஸ் என்ற தாவரவியல் ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டார். 'மாட்டிக்கொண்டார்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கெடிஸிடம் பேசப் போன பலருக்கு வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கிறது. பகலில் கம்பெனி கணக்கு, மற்ற நேரமெல்லாம் சங்கம் என்று ஏறக்குறைய முப்பது வருஷம் ஓட்டினார். கைக்காசையும் போட்டார்.

அவர் ஆரம்பத்திலேயே செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். 'சோஷியாலஜி' என்ற சொல் எங்கிருந்து வந்தது, யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். பிரெஞ்சு தத்துவவாதி ஆகஸ்ட் காம்ட் 1830களின் கடைசியில் உருவாக்கிய சொல் அது. பாதி லத்தீன், பாதி கிரேக்கம். இந்தக் கலப்பட ஒட்டு பண்டிதர்களுக்கு அறவே பிடிக்கவில்லை. கடை திறப்பதற்கு முன் பெயர்ப் பலகைக்கே வாதாட வேண்டியிருந்தது பாவம்.

உறுப்பினர்கள் எப்படிப்பட்டவர்கள்?

மருத்துவர்கள், உயிரியலாளர்கள், தத்துவப் பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், நகரச் சீர்திருத்தக்காரர்கள். பெண்களும் இருந்தார்கள். மொத்தத்தில் மூன்று கட்சி என்று பிரித்துப் பார்த்தால் கதை எளிதாகப் புரியும்.

முதல் கட்சிக்கு மூலவர் பிரான்சிஸ் கால்டன். மனிதர்களின் பிறவிக் குணமே எல்லாம், நல்ல பரம்பரைகளைப் பெருக்கினால் நாடு உருப்படும் என்ற கட்சி. இரண்டாவது கெடிஸ், பிரான்ஃபோர்ட் கட்சி: ஊரைப் பார், ஊரை அள, ஊரைச் சீர்செய். மூன்றாவது எல். டி. ஹாப்ஹவுஸ் கட்சி. மனித ஒழுக்கமும் சிந்தனையும் நிறுவனங்களும் எப்படி வளர்ந்தன என்று தத்துவ நோக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வழி. மூவரும் தங்களுடையதைத்தான் சமூகவியல் என்றார்கள்.

1904 மே 16 கூட்டம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் கால்டன் உரை. அவருக்கு 82 வயது. டார்வினுக்கு உறவினர். நல்ல பரம்பரைகளைப் பெருக்கும் அந்தத் திட்டத்துக்கு 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883ல் உருவாக்கியவர் அவர்தான். இருபது வருஷமாகச் சூடு பிடிக்காத தன் திட்டத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு, அந்தப் புதுச் சங்கத்தின் மேடைக்கு வந்தார். தலைமை கார்ல் பியர்சன். கால்டனின் சீடர், புள்ளியியலில் பெரிய ஆள்.

தலைமையுரையிலேயே பியர்சன் குண்டைப் போட்டார். நான் இந்தச் சங்கத்தில் உறுப்பினன் இல்லை, இது உருப்படியாக எதையும் செய்யும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை என்றார். ஆளுக்கொரு பிழைப்பு பார்க்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் கூடிப் புதிய அறிவியலைப் படைக்க முடியாது. ஒரு பெரிய மனிதன் முதலில் தனியாகக் கல்லைப் பிளந்து வைக்க வேண்டும், பிறகுதான் சீடர்கள் செதுக்க முடியும் என்பது அவர் வாதம். பெரிய சமூகவியலாளன் ஒருவன் கிடைக்கும்வரை சமூகவியல் சங்கம் தலைவனில்லாத மந்தை என்றும் சொன்னார். கூப்பிட்ட வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்ன பேச்சு. சங்கம் அதையும் ஒரு வரி விடாமல் அச்சிட்டது. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கால்டன் உரைக்கு வருவோம். யூஜெனிக்ஸ் மூன்று படி ஏற வேண்டும் என்றார். முதலில் படிப்பாளிகள் ஏற்றுக்கொள்ளும் கேள்வியாக, பிறகு நடைமுறைக்கு வரும் விஷயமாக, கடைசியில் தேசத்தின் மனசாட்சிக்குள் ஒரு புதிய மதம் போல நுழைய வேண்டும். இன்று படித்தால் அந்தக் கடைசிப் படியில் கால் கூசுகிறது.

விவாதத்தில் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். மருத்துவர்களுக்குச் சந்தேகம்: பரம்பரை பற்றி நமக்குத் தெரிந்தது இவ்வளவு குறைவாக இருக்கும்போது யார் யாரைக் கல்யாணம் செய்வது என்று எப்படிச் சொல்வது? ஹாப்ஹவுஸும் கிட்டத்தட்ட அதே எச்சரிக்கையைத்தான் சொன்னார். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் எழுந்தார். பெரிய குற்றவாளிகள் பலர் சராசரி நீதிபதியைவிடப் புத்தியும் துணிச்சலும் உள்ளவர்களாகத்தான் தனக்குத் தெரிகிறார்கள் என்று கிண்டல் செய்தார். நல்ல வேளை, இவராவது எதிர்க்கிறாரே என்று மேலே படித்தால், சிறந்தவர்களைத் தேர்ந்து பெருக்குவதில் பயனில்லை, தோற்றுப்போனவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்வதே வழி என்று கால்டனைவிட மோசமான இடத்துக்குப் போய் நிற்கிறார். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா எழுதி அனுப்பிய கருத்து முழு ஆதரவு.

கடைசியில் கால்டன் எரிச்சலோடு முடித்தார். இந்தச் சங்கம் ஏதாவது நல்ல வேலை செய்ய வேண்டுமானால், இன்று பேசியவர்களில் பெரும்பாலோர் அணுகியதைவிட நன்றாக அணுக வேண்டும் என்றார்.

அப்படியானால் யூஜெனிக்ஸ் பாவத்தில் சங்கத்துக்குப் பங்கு உண்டா?

உண்டு. 'எல்லாருக்கும் மேடை கொடுத்தோம், அவ்வளவுதான்' என்று கைகழுவ முடியாது. கால்டனின் கட்டுரை சங்கத் தொகுதியின் முன்வரிசையில் வந்தது. மறு ஆண்டும் அவருக்கு மேடை கிடைத்தது. தூங்கிக் கிடந்த ஒரு கருத்துக்குப் புது மதிப்பைக் கொடுத்தது அந்த மேடைதான். 1907ல் யூஜெனிக்ஸ் கல்விச் சங்கம் என்று தனிச் சங்கமே கிளம்பிவிட்டது. கால்டன் அதற்குக் கௌரவத் தலைவரானார். முதல் தாம்பூலப் பை வெளியே போனது இப்படித்தான்.

ஆனால் அதே மேடையில் எதிர்ப்பும் பதிவாகியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹாப்ஹவுஸ் பின்னாளில் யூஜெனிக்ஸை வெளிப்படையாகவே விமர்சித்தார்.

கெடிஸ் என்னதான் சொன்னார்?

கால்டன் பேசிய இரண்டு மாதத்தில், 1904 ஜூலை 18ல், கெடிஸ் முறை. தலைமை வறுமையை அளந்த அதே சார்லஸ் பூத். விவாதத்தில் தோட்ட நகர இயக்கத்தின் எபனேசர் ஹோவர்ட் இருந்தார். கெடிஸ் தலைப்பை 'சிவிக்ஸ்' என்று வைத்தார். இன்று நாம் ஏழாம் வகுப்பில் படிக்கிற குடிமையியல் வேறு. நகரத்தைச் சமூகவியலின் பரிசோதனைக் கூடமாகப் பார்ப்பதுதான் அவருடைய சிவிக்ஸ்.

ஒரு நகரத்தைப் புரிந்துகொள்ள மலையிலிருந்து கடல்வரை ஆற்றோடு இறங்கி வா என்பார். மலையில் சுரங்கக்காரன், காட்டில் மரம் வெட்டுபவனும் வேட்டைக்காரனும், மேய்ச்சல் நிலத்தில் இடையன், கீழே உழவன், கடற்கரையில் மீனவன். நிலம் தொழிலைத் தீர்மானிக்கிறது. தொழில் குடும்பத்தையும் வழக்கத்தையும் தீர்மானிக்கிறது. இவர்கள் எல்லாரும் சந்தைக்கு வந்து சேரும் இடம் நகரம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பள்ளியில் ஒப்பித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதற்காகக் கெடிஸ் தொல்காப்பியம் படித்தார் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள். அவருக்கு இது வந்தது லெ பிளே என்ற பிரெஞ்சு சுரங்கப் பொறியாளரிடமிருந்து. தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்கை வீடு வீடாக எழுதிப் பார்த்தவர் அவர். இடம், வேலை, மக்கள் என்ற மூன்று சொல் சூத்திரம் அவர் வழி வந்தது.

துர்கைம், வெபர் எல்லாம் இங்கே வந்தார்களா?

பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைமின் கட்டுரை 1904ல் வாசிக்கப்பட்டது. அவர் நேரில் வரவில்லை. தனித்தனிச் சமூக அறிவியல்களை ஒன்றாகக் கோத்ததே சமூகவியல், அவற்றுக்கு மேலே மிதக்கும் தத்துவமாக அதை ஆக்கிவிடாதீர்கள் என்பது சாரம். விவாதம் நடந்தது; பெரிய தாக்கம் எதுவும் தெரியவில்லை. வெபர் இந்தக் கதையில் இல்லை.

வெல்ஸ் சமூகவியலைத் திட்டினார் என்கிறார்களே?

1906ல், சங்கத்தின் மேடையிலேயே. 'சமூகவியல் என்று சொல்லப்படும் அறிவியல்' என்று தலைப்பு. தலைப்பிலேயே சண்டை. ஒவ்வொரு சமூகமும் தனித்தன்மை கொண்டது. ஆயிரம் தவளையை அறுத்துப் பார்த்துப் பொதுவிதி சொல்வது போல இங்கே சொல்ல முடியாது, எனவே இது அறிவியலே ஆகாது என்றார். பிறகு என்ன செய்வதாம்? லட்சிய உலகங்களைக் கற்பனை செய்து, அவற்றை அக்குவேறு ஆணிவேறாக விமர்சிப்பதே சமூகவியலின் சரியான முறை என்றார். நாவலாசிரியர் தன் கடைச் சரக்கையே விற்றார் என்று சிரிக்கலாம். ஆனாலும் அந்தக் கட்டுரையை இன்றும் மெனக்கெட்டுப் படித்து வாதாடுகிற சமூகவியலாளர்கள் இருக்கிறார்கள்.

பேராசிரியர் பதவி கடைசியில் யாருக்குக் கிடைத்தது?

மார்ட்டின் ஒயிட் என்ற ஸ்காட்லாந்து நிலக்கிழார் லண்டன் பல்கலைக்கழகத்துக்குச் சமூகவியலுக்காகப் பணம் கொடுத்தார். இவர் கெடிஸின் பழைய நண்பர். டண்டியில் கெடிஸுக்குத் தாவரவியல் பதவி வந்ததே இவர் கொடுத்த நன்கொடையால்தான். ஆகவே இந்தப் பதவியும் கெடிஸுக்குத்தான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். 1907ல் நியமனம் வந்தது: ஹாப்ஹவுஸ். கூடவே திருமணத்தின் வரலாறு எழுதிய பின்லாந்துக்காரர் வெஸ்டர்மார்க்கும்.

கெடிஸுக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர் பேச்சைக் கேட்டவர்கள் எழுதிவைத்ததைப் படித்தால் ஊகிக்கலாம். தாடிக்குள் முணுமுணுப்பார், ஒரு வாக்கியத்தைத் தொடங்கி மூன்று ஊர் சுற்றி வருவார், காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து அந்தக் கட்டங்களில் உலகத்தையே அடக்குவார். நேரில் கேட்டால் மயக்கம், தேர்வுக் குழுவின் முன்னால் தலைவலி. ஹாப்ஹவுஸோ ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தி, மான்செஸ்டர் கார்டியனில் தலையங்கம் எழுதிப் பழகிய கை. தெளிவாக எழுதுகிறவனுக்கு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் இதனால் பிரிட்டிஷ் சமூகவியல் நாற்பது வருஷம் தெருவை விட்டு நூலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்பது என் வருத்தம். மறுப்பவர்கள் உண்டு.

பத்திரிகை எப்போது வந்தது?

முதலில் ஆண்டுத் தொகுதிகள், மூன்று வெளிவந்தன. 1908லிருந்து 'சோஷியலாஜிக்கல் ரிவியூ'. முதல் ஆசிரியர் ஹாப்ஹவுஸ். சில வருஷத்திலேயே விலகிவிட்டார். பேராசிரியர் பதவி என்ற பை அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. பிரான்ஃபோர்டோடு இழுபறி எதற்கு? அவருக்குப் பின் வந்தவர் எஸ். கே. ராட்கிளிஃப். கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியர் நாற்காலியில் இருந்துவிட்டு லண்டன் திரும்பியவர்.

ஆனந்த குமாரசுவாமி இதில் எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார், 1913ல். இலங்கைத் தமிழர் சர் முத்து குமாரசுவாமியின் மகன், கலை வரலாற்றாளர். கட்டுரை உடன்கட்டையையும் இந்துப் பெண்ணின் நிலையையும் பற்றியது, அதுவும் ஆதரவான தொனியில். மேற்கத்தியப் பெண் விடுதலைக் கருத்துக்கு எதிராக மரபை நிறுத்தும் கட்டுரை. கலை பற்றி எழுதும்போது கைதேர்ந்தவர், இங்கே சறுக்கிவிட்டார் என்றுதான் சொல்வேன். லண்டன் வாக்குரிமைப் போராட்டத்தில் பெண்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது என்பதை மனதில் வைத்துப் படித்தால், எதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பது புரியும்.

எம்டன் கப்பலுக்கும் இந்தச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பேராசிரியர் பதவி கிடைக்காத கெடிஸ் சும்மா இருக்கவில்லை. நகரங்களைப் பற்றி ஒரு கண்காட்சி சேர்த்தார்: வரைபடங்கள், பழைய அச்சுப் படங்கள், போட்டோக்கள், திட்டங்கள். 1911ல் லண்டன் செல்சியில் காட்டினார். 1913ல் பெல்ஜியத்து கெண்ட் நகரில் பரிசு வாங்கினார். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு இதைக் கொண்டுவாருங்கள் என்று அழைத்தார்.

1914ல் கெடிஸ் ஒரு கப்பலில் ஏறினார், கண்காட்சிப் பெட்டிகள் 'கிளான் கிராண்ட்' என்ற இன்னொரு கப்பலில். யுத்தம் வந்துவிட்டது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதும் நம் ஊர்க் கதை. "சரியான எம்டன்டா அவன்" என்று இன்னும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். அடுத்த மாதம் அதே எம்டன் மினிக்காய் தீவுப் பக்கம் காத்திருந்து வர்த்தகக் கப்பல்களைப் பிடித்தது. அக்டோபர் 16ல் சிக்கியது கிளான் கிராண்ட். ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலை மூழ்கடித்தார்கள். இருபது வருஷமாகச் சேர்த்த நகரங்கள் எல்லாம் அரபிக்கடலுக்குள் போய்விட்டன.

இன்னொருவர் என்றால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் படங்களும் திட்டங்களும் மறுபடி சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி திறந்தது. மெரினாவில் இன்றும் நிற்கிறதே, அதே செங்கல் கட்டடம்.

தமிழ்நாட்டு ஊர்களில் கெடிஸ் என்ன செய்தார்?

நடந்தார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர் என்று சந்து சந்தாக நடந்து அறிக்கை எழுதினார். அந்தக் காலத்து நகராட்சிப் பொறியாளர்களுக்கு ஒரே மருந்துதான்: நெரிசலான தெரு என்றால் நடுவில் கோடு போட்டு வீடுகளை இடித்து நேர்ச்சாலை போடு. கெடிஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். இடிபட்ட வீட்டுக்காரர்கள் பக்கத்துச் சந்தில் போய் நெருக்குவார்கள், நெரிசல் அப்படியே இருக்கும், செலவு மட்டும் கணக்கில் ஏறும் என்றார். அவர் சொன்ன மாற்று: பாழடைந்த இரண்டு வீட்டை மட்டும் எடு, அந்த இடத்தைத் திறந்த முற்றமாக விடு, ஒரு மரம் நடு, கிணற்றடியைச் சரிசெய். 'காக்கும் அறுவைச் சிகிச்சை' என்று இதற்குப் பெயர் வைத்தார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களை மூடுவதையும் எதிர்த்தார். குளத்தில் மீனும் வாத்தும் விட்டால் கொசுப் புழுவைத் தின்றுவிடும், குளத்தை ஏன் கொல்ல வேண்டும் என்பது அவர் கேள்வி. தேர் ஓடும் ஊருக்குத் தேர் திரும்ப அகலமான வீதி வேண்டியிருக்கிறது; கோயில் நகரங்களில் வீதித் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதைக் கண்டு ரசித்தவரும் அவர்.

அறிக்கைகள் பெரும்பாலும் அலமாரிக்குப் போயின. 1920ல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. காஞ்சிபுரத்துக் குளங்களின் கதை உங்களுக்கே தெரியும்.

இந்தியச் சமூகவியல் இந்தச் சங்கத்தின் வாரிசா?

நேர் வாரிசு என்று சொல்ல மாட்டேன். ஒரு நூல் மட்டும் ஓடுகிறது. 1919ல் பம்பாய் பல்கலைக்கழகம் கெடிஸை சமூகவியலுக்கும் சிவிக்ஸுக்கும் பேராசிரியராக நியமித்தது. லண்டனில் கிடைக்காத நாற்காலி பம்பாயில் கிடைத்தது, 65ஆம் வயதில். அவர் ஊக்குவித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய மாணவர்களில் ஒருவர் ஜி. எஸ். குர்யே. சமஸ்கிருதம் படித்த இளைஞர். குர்யே போய்ச் சேர்ந்தது யாரிடம்? ஹாப்ஹவுஸிடம். ஒத்துவரவில்லை. கேம்பிரிட்ஜுக்குப் போய் ரிவர்ஸ் என்ற மானுடவியலாளரிடம் சேர்ந்தார். நீலகிரித் தோடர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அந்த ரிவர்ஸ். குர்யே 1924ல் பம்பாய் துறைக்குத் தலைவரானார். 1951ல் இந்தியச் சமூகவியல் சங்கத்தை அவர்தான் தொடங்கினார். பின்னாளில் பெயர்பெற்ற சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் அவருடைய மாணவர்.

லெ பிளே ஹவுஸ் என்றால் என்ன?

1920ல் சங்கம் குடியேறிய வீடு. லண்டன் பெல்கிரேவ் ரோட்டில் 65ஆம் எண். பிரான்ஃபோர்டும் நண்பர்களும் ஏற்பாடு செய்தது. கால்டன் கட்சியும் ஹாப்ஹவுஸ் கட்சியும் எப்போதோ போய்விட்டதால் மிச்சமிருந்த கெடிஸ் கட்சிக்கு வீடு தாராளமாகப் போதும். ஊர் ஆய்வு, பள்ளி ஆசிரியர்களுக்கான சுற்றுலா ஆய்வு, கண்காட்சி என்று நடந்தது. பல்கலைக்கழகக்காரர்கள் இதை ஒரு மாதிரி இளக்காரமாகத்தான் பார்த்தார்கள்.

சங்கம் எப்போது முடிந்தது?

முடிந்த தேதியைக் கேட்டால் மூன்று சொல்லலாம். 1930ல் 'சமூகவியல் நிறுவனம்' என்று பெயர் மாறியது. பிரான்ஃபோர்ட் இறந்ததும் அதே வருஷம். கெடிஸ் 1932ல் பிரான்ஸில் மொன்பெலியேயில் காலமானார். 1951ல் பிரிட்டிஷ் சமூகவியல் சங்கம் என்று வேறொன்று, பேராசிரியர்களால், புதிதாகத் தொடங்கப்பட்டது. பழையதை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. 1955ல் நிறுவனத்தைச் சத்தமில்லாமல் கலைத்தார்கள்.

மிச்சம் இருப்பது பத்திரிகை. 1953ல் அது நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போனது, இன்றைய கீல் பல்கலைக்கழகம். பழைய ஆவணப் பெட்டிகளும் அங்கேதான். 'சோஷியலாஜிக்கல் ரிவியூ' இன்றும் வருகிறது.

மூலத்தைப் படிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

முதல் மூன்று தொகுதிகளும் காப்புரிமை தாண்டியவை. ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கெடிஸின் சிவிக்ஸ் உரை குட்டன்பர்க் தளத்தில் தனியாகவே உண்டு. ஒரு யோசனை: கட்டுரைகளை விட்டுவிட்டு முதலில் விவாதப் பக்கங்களைப் படியுங்கள். பேச வந்தவர், எழுதி அனுப்பியவர், பத்திரிகையில் திட்டியவர் என்று எல்லாரையும் பிரான்ஃபோர்ட் வரிசையாக அச்சிட்டிருக்கிறார். முதல் தொகுதியில் பியர்சனின் அந்த மந்தைப் பேச்சு கால்டனின் கட்டுரை முடிந்த உடனே வருகிறது.